ஈரம் குறைந்தால் மார்க் குறையும்

நடிகைகளின் படங்களை வரிசைப்படுத்துகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. நடிப்புக்கு மார்க் போடுகிறவர்கள் ஒரு கட்சி, கதைக்கு மார்க் போடுகிறவர்கள் இன்னொரு கட்சி. பழைய ஹாலிவுட்டின் நீச்சல் நட்சத்திரம் எஸ்தர் வில்லியம்ஸ் தொகுதியில் நின்றால் இரண்டு கட்சிக்கும் டெபாசிட் போய்விடும். எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் அவருக்குக் கதை தயாரான விதம் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்: முதலில் குளத்தை நிரப்புவார்கள், பிறகு எழுத்தாளர் ஒருவரைக் கரையில் உட்காரவைத்து, இந்தப் பெண் எதற்காக இதில் குதிக்கிறாள் என்று யோசிக்கச் சொல்வார்கள். எழுத்தாளர் யோசித்து முடிப்பதற்குள் எஸ்தர் குதித்திருப்பார்.

ஆகவே என் அளவுகோல் தண்ணீர். எத்தனை சீக்கிரம் இறங்குகிறார், எத்தனை நேரம் உள்ளே இருக்கிறார், வெளியே வரும்போது நமக்கு வருத்தமாக இருக்கிறதா. இந்த மூன்றைத் தவிர வேறெதையும் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீரில் இருந்தால் நட்சத்திரம், துவட்டிவிட்டால் யாரோ என்று அந்தக் காலத்திலேயே அவரைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அவர்கள் அதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது மார்க் போடும் விதி.

எனக்கும் எஸ்தருக்கும் எப்படிப் பழக்கம் என்று கேட்பவர்களுக்கு: தொண்ணூறுகளில் கேபிள் இழுத்திருந்த வீடுகளில் பகலெல்லாம் கார்ட்டூன் நெட்வொர்க் ஓடும். இரவு ஒன்பது மணி வாக்கில் பூனையும் எலியும் போய், அதே சானலில் பழைய ஹாலிவுட் படம் போடும் டிஎன்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் அழுதபடி படுக்கப் போவார்கள், எம்.ஜி.எம். சிங்கம் கர்ஜிக்கும். அதன் பிறகு டிவி அக்காவுக்கும் எனக்கும். அம்மா நடுவில் பால் டம்ளரோடு வருவாள், திரையைப் பார்ப்பாள், ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "இந்தப் பொண்ணு தலையே துவட்ட மாட்டேங்குதே, சளி பிடிக்காதா?"

அம்மாவுக்கு அன்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு படித்ததில் தெரிந்தது: தலை நனைந்தால்தானே துவட்டுவதற்கு! குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலையும் வாசலினையும் கலந்து சூடாக்கித் தலையில் அப்பிவிடுவார்களாம். எத்தனை முறை முங்கி எழுந்தாலும் முடி கலையாது, பூ நழுவாது. இதைச் சொன்னதும் அம்மாவுக்கு எஸ்தர் மேல் மதிப்பு கூடிவிட்டது. "எண்ணெய் வைக்கிற பொண்ணு" என்று சான்றிதழே கொடுத்தாள். நீச்சலுடை பற்றிய ஆட்சேபங்கள் எல்லாம் அன்றோடு வாபஸ்.

ஒரு விஷயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எஸ்தர் நீந்தத் தெரிந்த நடிகை இல்லை. நடிக்கக் கூப்பிடப்பட்ட நீச்சல் வீராங்கனை. 1939-இல் அமெரிக்க தேசிய சாம்பியன். 1940 ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியிருக்க வேண்டியவர். அந்த ஒலிம்பிக் முதலில் டோக்கியோவில் நடப்பதாக இருந்து, ஹெல்சிங்கிக்கு மாறி, கடைசியில் உலகப் போரால் எங்கேயுமே நடக்கவில்லை. எஸ்தர் லாஸ் ஏஞ்சலிஸ் துணிக்கடை ஒன்றில் வேலைக்குப் போனார். பிறகு சான்ஃபிரான்சிஸ்கோவில், டார்ஜான் புகழ் ஜானி வைஸ்முல்லரோடு தண்ணீர்க் காட்சி ஒன்றில் நீந்தினார். அங்கிருந்து எம்.ஜி.எம். ஹிட்லர் இல்லாவிட்டால் நமக்கு எஸ்தர் கிடைத்திருக்க மாட்டார் என்று ஒருநாள் சொல்லிவிட்டு அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இனி வரிசை. அடியிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் சண்டை குறைவு.

கடைசி இடம் 'தி ஹூட்லம் செயின்ட்' (1946). தன்னைவிட ஏறக்குறைய முப்பது வயது மூத்த வில்லியம் பவலுக்கு ஜோடி. நீச்சல் கிடையாது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1956-இல் 'தி அன்கார்டட் மொமென்ட்' படத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக வந்தார். கரும்பலகை இருந்தது, குளம் இல்லை. அதுவும் அங்கேயே கிடக்கட்டும்.

அதற்கு மேலே 'டேக் மீ அவுட் டு தி பால் கேம்' (1949). இங்கேதான் நடுநிலை விமர்சகர்கள் என் மேல் பாய்வார்கள். ஜீன் கெல்லி, ஃபிராங்க் சினாட்ரா, பஸ்பி பெர்க்லி இயக்கம். நல்ல படம்தான், ஆனால் விளையாட்டு பேஸ்பால்! ஜூடி கார்லண்டுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் எஸ்தர் உள்ளே வந்தார். பேஸ்பால் அணிக்கு முதலாளி வேடம். பெயருக்கு ஒரு குளத்தில் ஒரு நீச்சல், அவ்வளவுதான். கெல்லியைவிட இவர் உயரம். அதில் கெல்லிக்கு ஏக எரிச்சல், உட்கார்ந்தாலும் உயரமாகத் தெரிகிறாளே என்று கத்தினார் என்று எஸ்தர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இதற்குத்தான் அவரைக் கிடைமட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்பது. தண்ணீரில் படுத்துவிட்டால் யாருக்கும் உயரம் தெரியப் போவதில்லை.

'திஸ் டைம் ஃபார் கீப்ஸ்' (1947) படத்தைக் கதைக்காக யாரும் பார்க்க வேண்டாம். மிச்சிகன் மாநிலத்தில் மேக்கினா தீவு, அங்கே கிராண்ட் ஹோட்டல். அந்த ஹோட்டலின் நீச்சல் குளத்துக்கு எஸ்தர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆனால் இந்தப் படம் என் பட்டியலில் இடம் பிடித்தது ஒரு நீச்சலுடைக்காக. வடக்கே குளிர்ப் பிரதேசம், மரம் வெட்டுகிறவர்கள் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை போடுகிற ஊர். ஆகவே நாயகிக்கும் அதே கட்டம் போட்ட கனத்த ஃபிளானல் துணியில் நீச்சலுடை தைத்தார்கள். தைத்தவர் எதையும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பார்க்கவில்லை என்பது நிச்சயம். எஸ்தர் குதித்தார். ஃபிளானல் தன் சக்திக்கு உட்பட்ட தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு அடித்தளத்தை நோக்கிக் கிளம்பியது. தேசிய சாம்பியனை ஒரு துணி மூழ்கடிக்கப் பார்த்தது. கடைசியில் ஜிப்பை இழுத்து, உடையைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் அவர் மேலே வந்திருக்கிறார். படத்தில் வில்லனே இல்லை என்று குறை சொல்கிறவர்கள் அந்த உடையைக் கவனிக்கவில்லை.

'ஈஸி டு லவ்' (1953) இன்னும் மேலே இருக்க வேண்டியது. ஃபுளோரிடாவில் சைப்ரஸ் கார்டன்ஸ், பஸ்பி பெர்க்லியின் ஏற்பாடு, படகுகளின் பின்னே வாத்துக் கூட்டம் மாதிரி முக்கோணமாக நீர்ச்சறுக்கு வீரர்கள். படத்துக்காக ஃபுளோரிடா மாநிலத்தின் வடிவத்திலேயே ஒரு குளம் வெட்டினார்கள். அமெரிக்கப் பூகோளம் எனக்கு அந்த ஒரு மாநிலம் மட்டும் நன்றாகத் தெரியும். அப்போது எஸ்தர் கர்ப்பிணி; அதோடுதான் சறுக்கியிருக்கிறார். ஹெலிகாப்டரிலிருந்து குதிப்பது மட்டும் வேறொரு பெண். இதைச் சொன்னபோது அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஸ்டூடியோக்காரர்களைப் பெற்றவர்களில் தொடங்கி நீண்ட நேரம் பேசினாள். மார்க் ஏன் குறைந்தது என்றால், சறுக்குவது தண்ணீருக்கு மேலே. என் விதிப்படி மேலே இருப்பது பாதி மார்க்.

'பேத்திங் பியூட்டி' (1944) எல்லாவற்றுக்கும் ஆரம்பம். முதலில் அது ரெட் ஸ்கெல்ட்டனின் படம், பெயரும் வேறு. பெண்கள் கல்லூரியில் ஒரே ஆண் மாணவனாக ஸ்கெல்ட்டன் சேர்ந்து, இளஞ்சிவப்புப் பாலே பாவாடையோடு ஆடுகிற காட்சிக்குத்தான் படமே எடுத்தார்கள். எடுத்து முடித்துப் பார்த்தால், கடைசியில் நீரூற்றும் தீயும் பெண்கள் கூட்டமுமாக ஒரு தண்ணீர்க் காட்சி. ஸ்டூடியோ உடனே தலைப்பை மாற்றியது. படம் எடுத்த பிறகுதான் நாயகி யார் என்று கண்டுபிடித்த நேர்மைக்காக நான் அதை நாலாவது இடத்தில் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, 'ஜூபிடர்ஸ் டார்லிங்' (1955). இதைச் சொன்னால் அக்கா எழுந்து போய்விடுவாள். ஹானிபல் ரோமாபுரியின் மேல் படையெடுத்து வருகிறான். ஹவர்ட் கீல் ஹானிபலாகப் பாடுகிறார். யானைகளுக்கு வண்ணச் சாயம் பூசியிருக்கிறார்கள். அவற்றோடு மார்ஜும் கோவர் சாம்பியனும் ஆடுகிறார்கள். எஸ்தர் குளத்துக்கு அடியில் நீந்தும்போது பளிங்குச் சிலைகள் உயிர்பெற்று அவரைச் சுற்றி வருகின்றன. வரலாற்றில் ரோம் தப்பியதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். இந்தப் படத்தின்படி, ஹானிபல் எஸ்தரைப் பார்த்துவிட்டான், அவ்வளவுதான். படம் படுத்துவிட்டது, எம்.ஜி.எம்.மில் எஸ்தருக்கு அதுவே கடைசிப் படம். எனக்கென்னவோ சாயம் பூசிய யானையைக் கண்டும் மனம் இளகாதவர்களோடு விவாதம் செய்வதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறது.

இரண்டாவது, 'மில்லியன் டாலர் மெர்மெய்ட்' (1952). ஆஸ்திரேலிய நீச்சல்காரி அனெட் கெல்லர்மனின் வாழ்க்கைக் கதை. பெரும்பாலோர் இதைத்தான் முதலில் வைப்பார்கள். பஸ்பி பெர்க்லி சிவப்பும் மஞ்சளுமாகப் புகை விட்டு, ஊஞ்சல்களில் ஆட்களைத் தொங்கவிட்டு, எல்லோரையும் தண்ணீரில் விழவைக்கிற காட்சியைப் பார்க்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதே படத்தில் எஸ்தர் உடம்பெல்லாம் தங்கச் சரிகைச் சில்லுகள் ஒட்டிய உடையும், தலையில் உலோகக் கிரீடமுமாக உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். குதிக்கும்போதுதான் கிரீடம் வளையாது என்று அவருக்கு உறைத்திருக்கிறது. தலை பின்னால் மடங்கி, கழுத்தில் மூன்று எலும்பு முறிந்து, ஆறு மாதம் மாவுக்கட்டு. ஃபிளானலுக்குப் பிறகும் இந்த உடை அலங்காரத் துறை பாடம் கற்கவில்லை. படம் ஏன் முதலிடம் இல்லை என்றால், வாழ்க்கைக் கதையாதலால் தண்ணீருக்கு வெளியே நிறைய வாழ்ந்துவிடுகிறார். விக்டர் மெச்சூர் கரையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

முதலிடம் 'டேஞ்சரஸ் வென் வெட்' (1953). ஆர்க்கன்சாவில் ஒரு பண்ணைக் குடும்பம். அதிகாலையில் எழுந்து, பாடியபடியே ஊர்வலமாகப் போய் நீந்திவிட்டு வருகிற பைத்தியங்கள். டானிக் விற்கிறவன் ஒருவன் இவர்களைப் பார்க்கிறான். டானிக்குக்கு விளம்பரமாக மொத்தக் குடும்பத்தையும் இங்கிலீஷ் கால்வாயில் தள்ள ஏற்பாடு செய்கிறான். நீந்துவதற்கு இதைவிட நியாயமான காரணம் எஸ்தரின் வேறெந்தப் படத்திலும் கிடையாது. கரையில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர் இந்த ஒரு முறை வேலை செய்துவிட்டார். நடுவில் கனவுக் காட்சி: டாமும் ஜெர்ரியும் எஸ்தரோடு கடலுக்கடியில் நீந்துகிறார்கள். நாயகன் ஃபெர்னாண்டோ லாமாஸ் சாயலில் ஒரு ஆக்டோபஸ் எட்டுக் கையாலும் காதலிக்கிறது. அந்தக் காட்சி ஓடிய இரவில், அழுதுவிட்டுத் தூங்கப் போயிருந்த பக்கத்து வீட்டுப் பொடியன் சத்தம் கேட்டு ஓடிவந்து, கார்ட்டூன் இன்னும் முடியவில்லை, பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று கூடத்தில் புரண்டான். 1945-இல் 'ஆங்கர்ஸ் அவே' படத்தில் ஜீன் கெல்லியும் ஜெர்ரியோடு ஆடியிருக்கிறார். ஜெர்ரி அவரைவிடக் குள்ளம் என்பதால் புகார் எதுவும் எழவில்லை. லாமாஸை எஸ்தர் பிற்பாடு, 1969-இல், நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்.

இதில் என்னை நெகிழவைக்கிற ஒரே தகவல் படங்களுக்கு வெளியே இருக்கிறது. இசைக்கு இசைந்து நீரில் ஆடுகிற அந்தக் கலை 1984-இல் முதல்முறையாக ஒலிம்பிக் போட்டியானது. நடந்த இடம் லாஸ் ஏஞ்சலிஸ், அவருடைய சொந்த ஊர்ப் பக்கம். டிவி வர்ணனையாளர்களில் ஒருவராக எஸ்தர் உட்கார்ந்திருந்தார். உடையில் கிரீடம் கிடையாது என்பதை அவர் கவனித்திருப்பார்.

பட்டியலை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டேய், நெப்டியூன்ஸ் டாட்டர் எங்கடா?" என்றாள்.

விட்டுப்போகவில்லை, ஐந்தாவது இடத்தில் வைத்திருக்கிறேன் என்றேன். 1949-இல் வந்த படம், நீச்சலுடை வடிவமைக்கிற நாயகி. ஃபிராங்க் லோசர் எழுதி ஆஸ்கர் வாங்கிய 'பேபி, இட்ஸ் கோல்ட் அவுட்சைட்' இதில்தான். குளிருக்குப் பயந்து வெளியே போகாமல் இருப்பதைப் பற்றிய பாட்டை நீச்சலுடைப் படத்தில் வைத்த துணிச்சலுக்கு மார்க் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அந்தப் பாட்டு சோபாவில் நடக்கிறது என்று விளக்கினேன். அக்கா காதில் வாங்கவில்லை. அவளுக்கு அளவுகோலே வேறு. ரிக்கார்டோ மாண்டல்பான் இருந்தால் படம், இல்லாவிட்டால் ஈரத் துணி. எஸ்தரோடு அவர் நடித்தது மூன்று படம். 'ஃபியெஸ்டா'வில் (1947) இரட்டைப் பிறவியாக, கூடப் பிறந்தவனாக வந்துவிட்டார். சகோதரனுக்குப் பதிலாக எஸ்தரே காளைச் சண்டைக்கு இறங்குகிறார். "கூடப் பிறந்தவனா போட்டு வீணாக்கிட்டாங்க" என்று அக்கா அதைத் தள்ளினாள். 'ஆன் அன் ஐலண்ட் வித் யூ' (1948) இன்னும் மோசம். மாண்டல்பானுக்கு நிச்சயமான பெண் எஸ்தர். கடைசியில் அவரை விட்டுவிட்டுக் கடற்படைக்காரன் பீட்டர் லாஃபோர்டோடு போய்விடுகிறார்.

"கண்ணு தண்ணியிலயே கிடந்து கிடந்து அவளுக்கு எதுவும் சரியாத் தெரியலை" என்றாள் அக்கா, என் கையிலிருந்த பேப்பரை வாங்கி ஐந்தை அடித்து ஒன்று என்று போட்டபடி. மற்றவற்றின் எண்களை அவள் தொடவே இல்லை. அதனால் இப்போது பட்டியலில் இரண்டு ஒன்று இருக்கிறது, ஐந்து இல்லை.