மூன்று அங்குல ஓட்டை

“பெரிசா ஒண்டுமில்லை சேர். சுவரில மூண்டு இஞ்ச் ஓட்டை ஒண்டு. அவ்வளவுதான்” என்றான் ஏ.சி. பூட்ட வந்த தம்பி. காற்றுக் குழாய் இல்லாத ஏ.சி.யின் முதலாவது நன்மை அதுவாம்: வீட்டை இடிக்கத் தேவையில்லை. வன்னியில் எங்கள் ஊரான உடையார்கட்டில் சுவரில் ஓட்டை போடுவதற்கு நாங்கள் கூலி கொடுத்தது அன்றைக்குத்தான். அதற்கு முதல் விழுந்த ஓட்டைகள் எல்லாம் இலவசம். அளவு கேட்டு ஒருவரும் போடவில்லை.

காசு அனுப்பினவர் கனடாவில் இருக்கிற அண்ணை. காசோடு ஒரு விரிவுரையும் வந்தது. ஸ்காபரோவில் அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒரு இயந்திரம் நிற்கிறது. அதிலிருந்து தகரக் குழாய்கள் சுவருக்குள்ளாலும் தளத்துக்குள்ளாலும் ஓடி ஒவ்வொரு அறைக்கும் காற்றைக் கொண்டுபோகும். பனிக்குச் சூடு, வெயிலுக்குக் குளிர். அப்படியான குழாய்களின் பொருத்துகளாலும் வெடிப்புகளாலும் நூற்றுக்கு 20, 30 வீதம் காற்று வழியிலேயே கசிந்துபோகிறது என்று அமெரிக்காவில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அண்ணைக்கு அதைவிடப் பெரிய மனக்குறை வேறு. வீடு முழுக்க ஒரே காற்று என்பதால், மாமியாருக்கு விறைத்தால் மருமகளுக்கும் விறைக்க வேண்டும். இங்கே பூட்டுகிற மாதிரி அறைக்கு ஒன்றும் ஆளுக்கொரு றிமோற்றும் இருந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும் என்றார். கூட்டுக்குடும்பங்களுக்கு இதைவிட உதவியான சாமானை நான் இன்னும் காணவில்லை.

போன புதிதில் அண்ணை வாடகைக்கு இருந்ததும் அப்படி ஒரு நிலக்கீழ் அறையில்தான், அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு. அந்த யுத்த வருசங்களில் நாங்களும் அடிக்கடி நிலத்துக்குக் கீழேதான் இருந்தோம். அவர் மாதா மாதம் வாடகை கட்டினார். எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கான முதலாவது இன்வேட்டர் ஏ.சி.யை ஜப்பானின் தோஷிபா 1981இல் விற்பனைக்கு விட்டது என்று வாசித்தேன். 1981 எங்கள் ஆட்களுக்கு யாழ்ப்பாண நூலகம் எரிந்த வருசம். உடையார்கட்டில் எங்கள் வீட்டில் அப்போது மண்ணெண்ணெய் விளக்கு.

வீடு என்றால் கச்சேரிக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். படிவங்களில் அது ‘தற்காலிகக் கொட்டில்’. அந்தத் தற்காலிகம் கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது. மண்ணால் அரைச்சுவர், மேலே பனையோலை, நிலத்துக்குச் சாணம். அரைச்சுவருக்கும் தாவாரத்துக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தால் ஆனி, ஆடியில் சோளகம் வந்து, அடுப்புப் புகையையும் அள்ளிக்கொண்டு மற்றப் பக்கத்தால் போகும். வெக்கை தாங்காவிட்டால் பாயை இழுத்துக்கொண்டு வேம்புக்குக் கீழே போவோம்.

வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் இந்த இடத்தில் கண்கலங்குவார்கள். “அந்தக் காத்து வருமே!” வரும். காற்றோடு அனோபிலிஸ் நுளம்பும் வந்தது. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது 2016இல். வன்னியில் நான் வளர்ந்த காலத்தில் குளோரோகுயின் கசப்புத் தெரியாத நாக்கு இல்லை. ஓலைக்குள்ளிருந்து தேள் விழும். மாரியில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சட்டியை வைப்பதா, ஒழுகாத இடத்தைத் தேடி ஆளைக் கிடத்துவதா என்று இரவில் ஒரு கூட்டம் நடக்கும். இயற்கைக் காற்றைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு நாளாவது குந்தியிருக்க வேண்டும்.

1990இலிருந்து கரண்டும் இல்லை, பொருளாதாரத் தடையும் வந்தது. பற்றரி, சீமெந்து, பெற்றோல் எல்லாம் தடைப் பட்டியலில். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டுப் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். செய்தி முடியும்வரை ஒருவர் சுற்ற வேண்டும். ஆகையால் செய்தியின் முடிவு எப்போதும் வேர்வையில். விசிறி பனையோலை. அதற்கு றிமோற் “மோனை, கொஞ்சம் விசிறு” என்ற அம்மாவின் குரல்.

ஊரிலே ஆகக் குளிர்ச்சியான இடம் பங்கர். ஆறடி ஆழம், மேலே தென்னங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. கடைசிக் காலத்தில் சாக்குக் கிடைக்காமல் பெண்கள் கூறைச் சேலைகளையும் வெட்டித் தைத்து மண் நிரப்பினார்கள். மேலே வெயில் 35 பாகையைத் தாண்டினாலும் உள்ளே மண் ஈரம் மாறாமல் இருக்கும். காற்றுக் குழாய் இல்லை, கரண்ட் இல்லை, பராமரிப்புச் செலவும் இல்லை. உள்ளே சத்தமே கிடையாது. சத்தமெல்லாம் வெளியில்தான்.

அந்தக் காலத்தில் அம்மாவின் காது வன்னியிலேயே பெயர்போனது. தூரத்தில் ‘குத்துகிற’ சத்தத்தை வைத்து ஆட்டிலறியா, மோட்டாரா, பல்குழலா என்று சொல்லுவா. சொல்லிக்கொண்டே இறங்குவா. மேலே ‘வண்டு’ சுற்றினால், அதுதான் வேவு விமானம், கிபிர் போர் விமானம் வருவதற்கு முதலே உலையை இறக்கி வைப்பா. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: நித்திரைக்குப் போகும்போது கதவைச் சாத்தக்கூடாது. சாத்தினால் கேட்காது. கேட்டாலும் ஓட நேரமிருக்காது.

2009 ஜனவரியில் அரசாங்கம் சுதந்திரபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம், தேவிபுரம் என்று வரைபடத்தில் கோடு கீறி, பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. அதன்படி எங்கள் வளவு நாட்டிலேயே பாதுகாப்பான வளவுகளில் ஒன்று. அந்த வலயத்துக்குள் ஷெல் விழுந்ததை 2011இல் ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை எழுதியிருக்கிறது. அம்மாவுக்கு அறிக்கை தேவைப்படவில்லை.

பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம். தறப்பாளுக்குள் காலை பத்து மணிக்கு மேல் இருக்கேலாது, முள்ளுக்கம்பிக்கு வெளியே போகவும் ஏலாது. அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பித் தகரக் கொட்டில். வெக்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த இரண்டு கூரைகளும் சொல்லித் தந்தது.

கடைசியில் இந்திய வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா, கட்டம் கட்டமாக. நாங்களே கட்ட வேண்டும். கட்டினோம். கல்லுச் சுவர், மேலே ஓடு, யன்னலுக்கு மேல் காற்றுக்கென்று துவாரங்கள். வாழ்நாளில் முதல் முறையாகப் பூட்டக்கூடிய கதவு. அம்மா அந்தக் கதவை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருந்தா.

கரண்ட் கம்பமும் வந்தது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது கொழும்பில் இருக்கிற கூட்டாளி ஒருவர் தொலைபேசியில் அழாக்குறையாகக் கேட்டார், “எப்பிடி மச்சான் இருக்கிறியள்?” எங்களுக்கு அதில் ஏறக்குறைய இருபது வருச அனுபவம். ஜாம் போத்தல் விளக்குச் செய்யும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். ஜாம் விலை தெரியுமோ என்று கேட்டார்.

இப்போது சித்திரை, வைகாசி வந்தால் வளிமண்டலவியல் திணைக்களம் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று பெயர் சொல்லி வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுகிறது. நிழலில் ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள். எங்களுக்கும் எச்சரித்துவிட்டு வருகிற ஆபத்து என்று ஒன்று வந்திருக்கிறது. அந்த எச்சரிக்கையை அண்ணை கனடாவில் வாசித்ததன் விளைவுதான் ஏ.சி.

தம்பி வந்தான், முன் அறையை அளந்தான், மேலே பார்த்தான். முகம் மாறியது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் வானம் தெரிந்தது. “சேர், இப்பிடியே விட்டால் உடையார்கட்டு முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் இந்த அறை குளிரும்.” ஆகவே சீலிங் அடித்தோம். காற்றுக்கென்று விட்ட துவாரங்களைச் சீமெந்து பூசி அடைத்தோம். யன்னலுக்குத் தடித்த திரை போட்டோம். காற்று வருகிற எல்லா வழியையும் காசு கொடுத்து அடைத்த பிறகு, காற்றுக்காக மெஷினைப் பூட்டினோம்.

9,000 பீ.ரீ.யூ. போதும் என்றான். 12,000 என்றால் ஒரு தொன். அந்தத் தொன் ஐஸ் கணக்கு: 907 கிலோ ஐஸ் ஒரு நாளில் உருகும்போது இழுக்கிற வெப்பம். அப்படிப் பார்த்தால் எங்கள் முன் அறைக்கு நாளுக்கு 680 கிலோ ஐஸ். தடைக் காலத்தில் ஐஸ் இல்லாமல் நல்ல மீனெல்லாம் கருவாடானதைப் பார்த்த எனக்கு, ஒரு கிழவியின் நித்திரைக்கு இவ்வளவு ஐஸா என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வெட்கம் முதல் மத்தியானத்தோடு போய்விட்டது.

மெஷின் குளிரை உண்டாக்குவதில்லை என்று தம்பிதான் விளங்கப்படுத்தினான். உள்ளே தொங்குகிற பெட்டிக்குள் திரவம் ஆவியாகிறபோது அறையின் வெக்கையை வாங்கிக்கொள்ளும். செப்புக் குழாயால் வெளியே போய், கொம்பிரசரில் நெரிபட்டு, அங்கே வெக்கையை இறக்கிவிட்டுத் திரும்பி வரும். இன்வேட்டர் என்றால் கொம்பிரசர் விழுந்து விழுந்து ஓடி நிற்காமல், தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் மிச்சம். ஆக, வெக்கை இல்லாமல் போகவில்லை, இடம்பெயர்ந்திருக்கிறது. இதற்கு மேல் வன்னியில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

முதல் இரவு அம்மா கதவைச் சாத்த விடவில்லை.

“கதவைப் பூட்டினால் எப்பிடி ஓடுறது?”

“எங்கை அம்மா ஓடப்போறியள்?”

“ஓட வேண்டி வந்தால்?”

பதில் இல்லாததால் கதவு திறந்தே கிடந்தது. மெஷின் விடியும்வரை முழு வேகத்தில் இரைந்தது. ஆகச் சத்தம் குறைந்தது, இருபது சொச்சம் டெசிபெல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது உள்ளே தொங்குகிற பெட்டிக்கு. வெளிப்பெட்டி அம்மாவின் யன்னலுக்கு நேர் கீழே. இரண்டு மணிக்கு எழும்பிப் பார்த்தேன். அம்மா கட்டிலில் இருந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி.

“மேலை வண்டு நிக்குது மோனை.”

அடுத்த நாள் தம்பியைக் கூப்பிட்டு வெளிப்பெட்டியைக் குசினிப் பின்புறத்துக்கு மாற்றி, அடியில் றப்பர் வைத்தோம். மேலதிகச் செப்புக் குழாய்க்கு அடிக்கணக்கில் காசு. ஏன் மாற்றுகிறோம் என்று அவன் கேட்கவில்லை. அவனும் புதுக்குடியிருப்புப் பிள்ளைதான்.

கரண்ட் பில்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், வயிறு எரிகிறது. இரவுக்கு எட்டு மணித்தியாலம், சராசரி அரைக் கிலோவாட், மாதம் 120 அலகு. மின் கட்டணக் கணக்கில் மாதம் 60 அலகுக்குள் நிற்கிறவர் ஏழை. தாண்டினவருக்கு ஒவ்வொரு படியாக விலை ஏறும். 2023 பெப்ரவரியில் கட்டணம் சராசரி 66 வீதம் கூடியபோது அந்தப் படிகள் இன்னும் செங்குத்தாயின. ஐந்தரை லட்சம் வீட்டுக்காரன் ஒரே மாதத்தில் பணக்காரப் பட்டியலுக்கு ஏறினேன்.

வருமானமும் உண்டு. மெஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கறிவேப்பிலைக்கு. மாரியில் வெளிப்பெட்டிக்கு முன்னால் சுளகில் மோர்மிளகாய். இந்த இரண்டு நன்மைகளும் விளம்பரத்தில் இல்லை.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அண்ணை வந்தார். மதுரையை எரித்த சூட்டோடு வந்த கண்ணகை பத்தாவதாகத் தங்கின இடம் அது என்பது ஐதீகம். அம்மனே ஆறுவதற்குத் தேடி வந்த மாவட்டம் எங்களுடையது. அண்ணைக்கு அந்த வெக்கை ஒத்துவரவில்லை. நாங்கள் கோயிலிலேயே தங்க, அவர் பொங்கலுக்கு நிற்காமல் இரவே அம்மா மட்டும் நின்ற வீட்டுக்குத் திரும்பினார். ஆனால் ஏ.சி. அறைக்குள் படுக்க மனம் வரவில்லை. கனடாவில் வருசம் முழுக்கப் பூட்டிய வீடு, இங்கேயுமா என்று கேட்டுவிட்டு, வேம்புக்குக் கீழே கட்டிலை இழுத்துப் போட்டார். அந்தக் காத்து வருமே.

பன்னிரண்டு மணிபோல நுளம்பு அவரை எழுப்பியது. போய்க் கதவைத் தட்டினார். யன்னலில் தட்டினார். அம்மா, அம்மா என்று கூப்பிட்டார். பக்கத்து வளவு நாய்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. உள்ளே திறாங்கு போட்டு, 24இல் வைத்து, அண்ணை கொண்டுவந்த கனடாப் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டு அம்மா நித்திரை.

காலையில் நாங்கள் வந்தபோது அண்ணையின் முகம் வீங்கியிருந்தது.

“தட்டினனியே?” என்று அம்மா கேட்டா. “எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே ராசா.”

மத்தியானமே அண்ணை புதுக்குடியிருப்புக்குப் போய் இன்னொரு மெஷினுக்கு விலை கேட்டுக்கொண்டு வந்தார். நடு அறை பெரிது, 12,000 பீ.ரீ.யூ. வேணுமாம்.