எந்த ஷிப்டுக்கு எந்தப் பூ

தொங்குதொட்டிக்குப் பூச்செடி வாங்கப் போகிறவர்கள் நர்சரியில் கேட்கிற முதல் கேள்வி, "இதுல வேற என்ன கலர் இருக்கு?" என்பது. வேப்பம்பட்டில் குடியிருப்பவர்கள் இதைக் கடைசியாகக் கேட்டுக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியதை நர்சரிக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, வீட்டில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்: காலையில் எத்தனை மணி வண்டிக்குக் கிளம்புகிறோம், ராத்திரி எத்தனை மணிக்கு வந்து பூட்டைத் திறக்கிறோம், நடுவில் வீட்டில் யார்? இந்த ஊரில் ஒரு தொங்குதொட்டியின் ஆயுளை உரமும் விதையும் தீர்மானிப்பதைவிட வீட்டாரின் வருகைப் பதிவேடுதான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. பூவைத் தேர்ந்தெடுக்கிறவர் கலர் அட்டையை மூடிவைத்துவிட்டு ரயில் அட்டவணையையும் ஷிப்டு சீட்டையும் எடுத்துக்கொள்வது நல்லது.

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரில் மனை வாங்கி வீடு கட்டியவர்களில் பலர் பகலில் ஊரில் இருப்பதில்லை. சிலர் கிழக்கே அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் சென்ட்ரலுக்கும் லோக்கல் வண்டி பிடிக்கிறார்கள். சிலர் மேற்கே காக்களூர் தொழிற்பேட்டைக்கு. இன்னும் சிலரைக் கம்பெனி பஸ் வந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ அள்ளிக்கொண்டு போகிறது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் இருக்கும் ஒரே ஜீவன், பல்லியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பால்கனியில் தொங்கும் செடிதான். அதுவும் எப்படிப்பட்ட நிலைமையில்? தரையில் நட்ட செடியின் வேர் ஈரத்தைத் தேடிக்கொண்டு கீழே போகலாம். தொங்குகிற செடிக்குக் கீழேயும் காற்று, பக்கத்திலும் காற்று, மேலே வெயில். 10 அங்குலத் தொட்டியில் மொத்தமே 5, 6 லிட்டர் கலவைதான் பிடிக்கும். சென்னைக் கடற்கரையை மத்தியானத்திலேயே தொட்டுவிடும் கடல்காற்று 30 கிலோமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருக்கும் நமக்கு வந்து சேர நேரமாகும். சில நாள் வருவதே இல்லை. 2003 மே 31 அன்று சென்னை நகரத்துக்குள்ளேயே 45 டிகிரி பதிவானது. மே மாதத்து வெப்பநிலைப் பட்டியலில் அடிக்கடி முன்வரிசையில் உட்காரும் திருத்தணி நம் மாவட்டத்து ஊர்தான். காலை 7 மணிக்கு ஊற்றிய தண்ணீர் இந்த வெயிலில் மத்தியானத்தைத் தாண்டுவது கஷ்டம். ஊற்றியவர் திரும்பி வருவதோ ராத்திரி 8 மணிக்கு.

இந்தத் தொங்கவிடும் கலை வெயில் குறைந்த நாடுகளில் கொழித்தது என்பதை மறந்துவிடுகிறோம். கனடாவில் விக்டோரியா என்று ஒரு நகரம். 1937இல் தன் 75ஆவது ஆண்டுவிழாவுக்காகத் தெருவிளக்குக் கம்பங்களில் பூத்தொட்டிகளைத் தொங்கவிட ஆரம்பித்தது, இன்றும் அதற்குப் பெயர் போனது. அந்த ஊரின் கோடைப் பகல் நம்மூர் மார்கழிப் பகலைவிடக் குளிர்ச்சி. அப்படியிருந்தும் ராத்திரியில் வண்டி கட்டிக்கொண்டு போய்த் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே நகராட்சி சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. நமக்குக் கிடைக்கும் படத்தில் பூ இருக்கிறது, கம்பம் இருக்கிறது. ராத்திரி ஆள் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இங்கே கொக்கி அடிக்கிறோம்.

இன்னொரு படம் ஊட்டியிலிருந்து வருகிறது. 1848இல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் 1896 முதல் மலர்க் கண்காட்சி நடக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, மாதத்தைத் தவிர. கண்காட்சி நடப்பது மே மாதம். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஃபுக்ஸியாவையும் தொங்கும் ஜெரேனியத்தையும் பார்க்கிறவருக்குக் கத்திரி வெயில் என்று ஒன்று கீழே காத்திருப்பது ஞாபகம் வருவதில்லை. வாங்கிவிடுகிறார். செடி மேட்டுப்பாளையத்தில் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்ட்ரல் வந்து, லோக்கல் வண்டியில் வேப்பம்பட்டு சேரும்போது அதன் முகத்தில் ஏற்கெனவே ஒரு வைராக்கியம் தெரியும். பக்கத்து ஊரான திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்கும் குறித்தார், இறைவனும் அங்கே எழுந்தருளினார் என்கிறது பெரியபுராணம். இந்த வட்டாரத்தில் ஃபுக்ஸியா வளர்க்க விரும்புகிறவர்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

பெட்டூனியாவின் கதை இன்னும் நுட்பமானது, ஏனென்றால் அது ஏமாற்றாமல் ஏமாற்றும். நவம்பரில் நர்சரிக்கு வரும்போது பூத்துக் குலுங்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை நன்றாக அடித்தால் அதன் மெல்லிய இதழ்கள் நனைந்து ஒட்டிக்கொள்ளும். மழை முடிந்து வெயில் ஏறுவதற்கு நடுவே, மார்கழி பாதியிலிருந்து மாசி வரைக்கும்தான் அதற்கு நம்மிடம் இடம். அதோடு, பெட்டூனியாவின் இலையிலும் தண்டிலும் பிசுபிசுக்கும் சிறு ரோமங்கள் உண்டு. சி.டி.எச். ரோட்டில் லாரி கிளப்பும் புழுதி அதில் ஒட்டினால் ஒட்டியதுதான். ரோட்டோரத்து வீடு என்றால் சீக்கிரத்திலேயே செடியைப் பார்த்து லாரியின் சரக்கு என்ன என்று சொல்லிவிடலாம், செங்கல்லா எம்-சாண்டா என்று. பெட்டூனியாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தை மாதத்து விருந்தாளியாக வரட்டும், மாசியில் மரியாதையாக வழியனுப்பலாம். அது பங்குனியில் காய்ந்ததற்கு உரத்தையும் நர்சரிக்காரரையும் குற்றம் சொல்வதுதான் அநியாயம்.

அப்படியானால் என்னதான் தொங்கவிடுவது? முதல் வேட்பாளர் பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்கள். தடித்த இலையில் தண்ணீரைச் சேமித்துவைக்கும். வறட்சி முற்றினால் இலைத்துளையைப் பகலில் மூடிக்கொண்டு ராத்திரியில் மூச்சு வாங்கும் கள்ளிச்செடி வித்தையும் இந்தக் குடும்பத்துக்குத் தெரியும். ஒரு துண்டைக் கிள்ளி ஈரமண்ணில் செருகினால் போதும், எதிர்வீட்டிலிருந்து இலவசமாகவே வந்துவிடும். நாள் தவறினாலும் கோபித்துக்கொள்ளாது. அதிகம் ஊற்றினால்தான் அழுகும். இவ்வளவு குணம் இருந்தும் ஒரே ஒரு சிக்கல். வெயில் ஏறிய பிறகு விரியும், மத்தியானம் சாய்வதற்குள் மூடிக்கொள்ளும். அதாவது ஆபீஸ் நேரத்தில் மட்டும் பூக்கும். ஜெனரல் ஷிப்டுக்காரர் தன் வீட்டுப் பத்துமணிப் பூவை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும், அன்றைக்கும் மேகம் போட்டால் அது திறக்காது. மாதம் முழுக்க வளர்த்துவிட்டு, "உங்க பால்கனியில பூ சூப்பரா இருக்கே" என்று தபால்காரர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலைமை.

இங்கேதான் ஷிப்டு சீட்டு உதவிக்கு வருகிறது. மத்தியானம் 2 மணிக்கு ஆரம்பிக்கும் செகண்ட் ஷிப்டுக்காரர் பத்துமணிப் பூவுக்கென்றே பிறந்தவர். நிதானமாக எழுந்து, காபியோடு பால்கனிக்கு வந்தால் எதிரே மொத்தத் தொட்டியும் விரிந்திருக்கும். கம்பெனி பஸ்ஸுக்கு அவர் கிளம்பும் நேரத்தில் அதுவும் கடையைக் கட்ட ஆரம்பிக்கும். காலை 6 மணிக்குப் போய் மத்தியானத்துக்குப் பிறகு வீடு திரும்பும் முதல் ஷிப்டுக்காரருக்கு ரஸ்ஸீலியாவைச் சொல்வேன். மெக்ஸிகோவிலிருந்து வந்த செடி, நாணல்போலத் தண்டுகள் வழிந்து தொங்க, நுனியெல்லாம் சிவப்புக் குழல்கள். மாலையிலும் மூடாது, தேன்சிட்டு வரும். 12 அங்குலத் தொட்டி கொடுத்தால் வெயிலையும் தாங்கும். ஜெனரல் ஷிப்டுக்கும் நைட் ஷிப்டுக்கும் நித்தியகல்யாணி. காலை 7 மணிக்குப் போகிறவரும் பார்க்கலாம், ராத்திரி 8 மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் வருகிறவரும் பார்க்கலாம், விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து இறங்குகிறவரும் பார்க்கலாம். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சரியான நேரம் காலை என்பதால், நைட் ஷிப்டுக்காரர் இருக்கும் வீட்டுச் செடிக்கு யோகம்தான். வாராவாரம் ஷிப்டு மாறுகிறவர்கள் இரண்டு கொக்கி அடித்துக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழியில்லை.

நித்தியகல்யாணி என்றதுமே வீட்டுப் பெரியவர்களிடமிருந்து முதல் ஆட்சேபம் வரும். "சுடுகாட்டுப் பூவையா வாசல்ல தொங்கவிடுவாங்க?" இந்த ஆட்சேபத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன், அதற்குள் ஒரு நல்ல சாட்சியம் இருக்கிறது. அது ஏன் சுடுகாட்டில் பூக்கிறது? அங்கே யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, யாரும் உரம் வைப்பதில்லை, ஆடுகூட அதன் பாலின் கசப்புக்குப் பயந்து கடிப்பதில்லை. அப்படி ஒரு இடத்தில் வருஷம் முழுக்கப் பூக்கிற செடிக்குத்தான் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் வேலை செய்யத் தகுதி இருக்கிறது. அனுபவச் சான்றிதழோடு வருகிறது. இன்னொன்றும் உண்டு. 1950களில் கனடாவில் சர்க்கரை நோய்க்கு மருந்து கிடைக்குமா என்று இந்தச் செடியை ஆராயப்போய், ரத்தப் புற்றுநோயை எதிர்க்கும் பொருள் அகப்பட்டது. வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் இதிலிருந்து வந்தவைதான், வின்கிறிஸ்டினைக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிறார்கள். சுடுகாட்டுப் பக்கம் போகாமல் எத்தனையோ பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய செடி அது. அதற்காக இலையைப் பறித்து வாயில் போட்டுவிட வேண்டாம், செடியாக அது நச்சுத்தான்.

இரண்டாவது ஆட்சேபம் தோட்டம் தெரிந்தவர்களுடையது: நித்தியகல்யாணி நெட்டுக்குத்தாக நிற்கும், தொங்காதே. நியாயம். படர்ந்து வழிவதற்கென்றே உருவாக்கிய 'கோரா காஸ்கேட்' போன்ற ரகங்கள் உண்டு. அது கிடைக்காவிட்டால் நாற்று நாலைந்தைத் தொட்டியின் ஓரமாகச் சாய்த்து நட்டு, நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் சாதாரண ரகமே பக்கவாட்டில் பொங்கிவரும். பருவமழையில் வேர் நின்ற தண்ணீரில் அழுகும் என்பதும் உண்மைதான், சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடலாம்.

மூன்றாவது ஆட்சேபம் இன்ஜினீயர்களுடையது, இந்த ஊரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. டைமர் வைத்துச் சொட்டுநீர் போட்டால் பெட்டூனியா என்ன, ஃபுக்ஸியாவே வளர்க்கலாமே என்பார்கள். தண்ணீரை டைமர் பார்த்துக்கொள்ளும். 40 டிகிரியை யார் பார்த்துக்கொள்வது? ஈரமண்ணில் நின்றுகொண்டே வாடுகிற செடிகள் இவை. அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்கும் தொட்டிகளில் வேறொரு பயிர் விளையும். டெங்குக் கொசுவுக்கு முட்டையிலிருந்து சிறகு முளைக்க ஒரு வாரம், பத்து நாள் போதும், அதனால் தட்டை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவத்தான் வேண்டும். ஆனால் இன்ஜினீயரிங் மூளைக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல வேலை இருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. போர் தண்ணீரில் இருந்ததைவிட உப்பு அதில் அதிகம், 5 லிட்டர் கலவைக்குள் அது சேர்ந்துகொண்டே போய் வேரைக் கெடுக்கும். ஏசி சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. ராத்திரி முழுக்க ஓடும் ஏசிக்கு அடியில் ஒரு பக்கெட் வைத்தால், ராத்திரி எவ்வளவு புழுக்கமோ அவ்வளவுக்குக் காலையில் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதே ஏசியின் வெளியூனிட் எதிரே தொட்டியை மாட்டாமல் இருந்தால் சரி.

மண் விஷயத்தில் ஒரே வார்த்தை: செம்மண்ணை மட்டும் நிரப்பாதீர்கள். நனைந்தால் அந்த 10 அங்குலத் தொட்டி அரை சிப்பம் அரிசியின் எடைக்குப் பக்கத்தில் போகும். கொக்கியும் தாங்காது, கீழே நிற்கிறவரும் தாங்கமாட்டார். கழுவிய தென்னை நார்க்கழிவு பாதி, மண்புழு உரமும் மணலும் செம்மண்ணும் சேர்ந்து மீதி. புயல் செய்தி வந்தால் தொட்டியைக் கழற்றித் தரையில் வைத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் மரங்களையே வேரோடு சாய்த்தது, எஸ் கொக்கி எந்த மூலைக்கு?

கடைசி ஆட்சேபக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு பேசாம பிளாஸ்டிக் பூவை மாட்டிடலாமே" என்பார். மாட்டலாம். ஷிப்டு பார்க்காது, தண்ணீர் கேட்காது, பத்து மணி வரை காக்கவைக்காது. ஆனால் சூரியனின் புற ஊதாக் கதிருக்கு பிளாஸ்டிக்கும் பெட்டூனியாவும் ஒன்றுதான். கோடையில் சிவப்பு ரோஜா ரோஸாகி, ரோஸ் வெளுத்து, இதழ் மொறமொறவென்று உடைய ஆரம்பிக்கும்; புழுதியை அதுவும் பிடித்துக்கொள்ளும், கழுவுவதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். உடைந்த இதழைக் கிள்ளி மண்ணில் செருகினால் வேர்விடவும் விடாது, திரும்பக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.