ஏழரை ரூபாய் கரண்ட்

காருக்கு வேக்ஸ் போடக் கை நல்லதா, மெஷின் நல்லதா? இன்றைக்கு ஒரு தீர்ப்பு சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் குரூப்பில் மெசேஜ். ‘பார்க்கிங்கில் உள்ள பொது பிளக் பாயின்ட்டைச் சிலர் சொந்த மெஷின்களுக்குப் பயன்படுத்துவது வருந்தத்தக்கது.’ போட்டவர் எங்கள் அசோசியேஷன் செயலாளர். பெயர் குறிப்பிடவில்லை, நாகரிகமாம். இந்தக் கட்டடத்தில் பாலிஷ் மெஷின் வைத்திருக்கும் ‘சிலர்’ நான் ஒருவன்தான். மெசேஜுக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் ஒன்று என் மனைவியுடையது.

மெஷின் ஏன் வாங்கினேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் “சார், ஒரு கோட்டிங் போட்டுடலாமா?” என்று கேட்டு ஆயிரக்கணக்கில் ஒரு தொகை சொல்வார்கள். நாமும் “அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று வீட்டுக்கு வந்து, அதே பணத்துக்கு மெஷினை ஆர்டர் செய்வோம். உங்கள் பரணிலும் ஒரு டிரில்லிங் மெஷினோ பிரஷர் வாஷரோ நிச்சயம் தூங்குகிறது.

ஆனால் நான் படித்துவிட்டு வாங்கினவன். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினை ஒரே இடத்தில் அழுத்தினால் சூட்டில் பெயின்ட் போய்விடும். பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. ஆகவே சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற டூயல் ஆக்‌ஷன் ரகம். வேக்ஸும் மட்டமானதல்ல. பிரேசிலில் ஒரு பனை மரத்தின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னாபா. கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை பிடிக்கும் என்று பம்பர் ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். மெழுகை ஸ்பான்ஜ் பேடில் தொட்டு, பேடை பானட்டில் பதித்த பிறகே ஸ்விட்ச் போட வேண்டும். தூக்கிப் பிடித்துப் போட்டால் சட்டை, சுவர், பக்கத்து ஸ்கூட்டர் எல்லாம் பளபளக்கும். அந்த ஸ்கூட்டர் செயலாளருடையது. அதில் ஒரு பொட்டுகூடப் படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

சரி, கரண்டுக்கு வருவோம். மெஷின் 900 வாட். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் 0.9 யூனிட். வேக்ஸுக்குக் குறைந்த வேகமே போதும், அது வேறு விஷயம். லிஃப்ட் உள்ள கட்டடம் என்பதால் பொது இணைப்புக்கு யூனிட் எட்டு ரூபாய் சொச்சம். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட் அதற்குக் கிடையாது. எப்படிப் போட்டாலும் ஏழரை ரூபாயில் வந்து நிற்கிறது. ஏழரை என்று வந்தபோதே தெரிந்துவிட்டது, இது லேசில் விடாது.

செயலாளரிடம் பத்து ரூபாயை நீட்டினேன், மிச்சம் வேண்டாம் என்றேன். வாங்க மாட்டாராம். எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று பொருளாளர் கேட்பாராம். “அப்போ ஒரு சப் மீட்டர் வெச்சிடலாமே சார்” என்றேன். ஏழரை ரூபாயை அளக்க ஆயிரத்துச் சொச்ச ரூபாய் மீட்டரா என்று சிரித்தார். சரி, என் வீட்டுக் கரண்டையே எடுக்கிறேன் என்று மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டேன். வழியில் இரண்டாவது மாடி மாமி காயப்போட்டிருந்த புடவையில் அது சிக்கியது. ஒயர் எடு என்று அவர்கள், புடவையை எடுங்கள் என்று நான். இதற்கும் ஒரு மெசேஜ் வந்தது.

நான் கேட்கிறேன், தீபாவளிக்குப் போட்ட சீரியல் பல்பு பொங்கல் வரை எரிந்ததே, அது யார் கரண்ட்? மாடிப்படி லைட் பட்டப்பகலில் எரிகிறது. டேங்க் நிரம்பி மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் அருவியாக ஊற்றிய பிறகுதான் மோட்டாரை நிறுத்துகிறார்கள். செயலாளரின் பேரன் லிஃப்டில் ஏறி எல்லா பட்டனையும் அமுக்கிவிட்டு இறங்கிப் போகிறான். “துருதுருன்னு இருக்கான்” என்று தாத்தா பூரிக்கிறார். தெருமுனை இஸ்திரிக்காரர் போனை சார்ஜ் போடுவதும் நான் தொடக்கூடாத இதே பிளக்கில்தான். அவர் போடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் அசோசியேஷனுக்குச் சந்தா கட்டுவதில்லை, அவ்வளவுதான் சொல்கிறேன்.

இவ்வளவையும் குரூப்பில் டைப் அடித்தேன். மனைவி பிடுங்கி அழித்துவிட்டாள்.

கடைசியில் பொது மின்சார உபயோகத்துக்கு ஒரு சப் கமிட்டி போட்டிருக்கிறார்கள். அதில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள், கேட்காமலே. கூட்டம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு. பத்து மணிக்கு முன் விட மாட்டார்கள். பத்து மணிக்கு என் பார்க்கிங்கில் வெயில் வந்துவிடும். வெயிலில் வேக்ஸ் போடக்கூடாது.