முள் ஒன்று கூடினால் புது இனமா?

கே: ரேடியோலேரியா என்றால் என்ன?

ப: கடலில் மிதந்து வாழும் ஒற்றைச் செல் உயிர். சிலிக்காவால் தனக்கொரு கூடு கட்டிக்கொள்ளும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இறந்த பின் கூடு கடலடியில் படியும்; அந்தச் சேறு இறுகி செர்ட் என்ற கெட்டிப் பாறையாகும். கேம்பிரியன் காலத்திலிருந்து இன்றுவரை இந்த வம்சம் அறுபடவில்லை.

கே: பாறையிலிருந்து கூட்டை எப்படிப் பிரிப்பது?

ப: நீர்த்த ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் ஊறவைப்பார்கள். 1972-இல் பெசாக்னோ, நியூபோர்ட் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. பாறையும் சிலிக்கா, கூடும் சிலிக்கா. இரண்டும் கரையும் வேகம்தான் வேறு. நேரம் தப்பினால் கூடும் போய்விடும். தோல் வழியே எலும்புவரை போய்த் தாக்கும் அமிலம் இது. தகுந்த ஆய்வகமும் பயிற்சியும் இல்லாதவர்கள் தொடவே கூடாது.

கே: பிரித்தெடுத்த ஒரு கூட்டில், தெரிந்த இனத்தைவிட ஒரு முள் கூடுதலாக இருக்கிறது. புது இனம் என்று அறிவித்துவிடலாமா?

ப: அவசரம் வேண்டாம். ஒன்றை வைத்து முடிவு கட்டினால், வளர்ந்து முடியாத கூட்டையோ உடைந்த கூட்டையோ புது இனமாக்கிவிடுவீர்கள். அதே அடுக்கிலிருந்து பலவற்றைப் பொறுக்கி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, அளந்து பாருங்கள். இடைப்பட்ட வடிவங்கள் வரிசையாகக் கிடைத்தால் உங்கள் முள்ளுக்கு மதிப்பில்லை.

காலமும் குழப்பும். இயோசீன் கால போடோசிர்டிஸ் பேரினத்தில் மித்ரா என்ற இனம் மேலடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சலாராவாக மாறுகிறது. எல்லைக்கோட்டை ஆய்வாளர்தான் போட வேண்டும். போட்ட காரணத்தையும் எழுத வேண்டும். எந்த இனத்திலிருந்து எதனால் வேறுபடுகிறது என்று சொல்லாத விவரிப்பு என் கணக்கில் விவரிப்பே அல்ல. 2000 முதல் பெயரிடும் விதியும் கண்டிப்பு: ஹோலோடைப் போன்ற மூல மாதிரியை வெளிப்படையாகக் குறிக்காவிட்டால் பெயர் செல்லாது. நாளை வருகிறவர் அதை எடுத்துப் பார்த்து உங்களை மறுக்க வழி இருக்க வேண்டுமே!

கே: என் மனைவியின் பெயரை வைக்கலாமா?

ப: தாராளமாக. லத்தீன் இலக்கணப்படி பெண்பால் விகுதியை மட்டும் சரியாகச் சேருங்கள். ரேடியோலேரியாவை ஆராய்ந்த எர்ன்ஸ்ட் ஹெக்கல் தன் ஆதர்சமான கவிஞர் கெதேயின் பெயரை ஓர் இனத்துக்குச் சூட்டினார்.

கே: சொந்தப் பெயரை?

ப: விதி தடுக்கவில்லை. மரபு தடுக்கிறது.

கே: அந்த ஹெக்கல் ஒருவரே மூவாயிரத்துக்கும் மேல் புது இனங்களை விவரித்தாராமே?

ப: ஆம். சாலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை திரட்டிய மாதிரிகளை ஆராய்ந்து 1887-இல் அறிக்கை வெளியிட்டார். 140 படத்தகடுகள், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பல இனங்களுக்குப் படமே கிடையாது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பதால், இன்று பெயர் வைக்கிறவர் அந்த வரிகளையெல்லாம் புரட்டித்தான் ஆக வேண்டும். படமில்லாத நூறு இனங்களைவிட, படமும் அளவும் மூல மாதிரியும் உள்ள ஒன்றே எனக்குப் பெரிது.

கே: இவ்வளவு பாடுபட்டு யாருக்கு லாபம்?

ப: பாறையின் வயதைக் கேட்கிற எல்லோருக்கும். ஜப்பானின் செர்ட் பாறைகள் பலவற்றைப் பேலியோசோயிக் காலத்தவை என்றே நம்பியிருந்தார்கள். 1970-களிலும் 80-களிலும் கோனோடான்ட் என்ற அழிந்துபோன கடலுயிரின் எச்சங்களும் ரேடியோலேரியாவும் சேர்ந்து அவை ட்ரயாசிக், ஜுராசிக் காலத்தவை என்று காட்டின. அந்தப் பாறைகள் உள்ள பகுதி, கடலடித் தட்டு நகர்ந்து வந்து நிலத்தோடு ஒட்டியதால் உருவானது என்பதும் அதனால்தான் உறுதியானது.