பிறந்தநாள் தெரிகிறது, தண்ணீர் வரும் நாள் தெரியவில்லை

அனுப்புநர்: வார்டுவாசிகள். (முழு விலாசம் எல்லாக் கட்சிகளின் பூத் கமிட்டியிடமும் இருக்கிறது.)

பெறுநர்: மாமன்ற உறுப்பினர் பெருமக்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை.

பொருள்: வார்டில் நடப்பதை வார்டில் வசிப்பவர்களுக்கும் தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மாமன்றத்தின் மேலான கவனத்துக்கு மனுதாரர்கள் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது என்னவென்றால்:

இந்த மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பட்டது. இந்தியாவில் இதைவிட மூத்த மாநகராட்சி கிடையாது. இன்று 200 வார்டு, 426 சதுர கிலோமீட்டர் என்று பரந்து கிடக்கிறது. மூன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் அனுபவமுள்ள ஒரு நிர்வாகத்துக்கு, மழைநீர் வடிகாலுக்காகத் தெருமுனையில் தோண்டிய பள்ளம் எப்போது மூடப்படும் என்பது தெரியாமலா இருக்கும்? தெருவுக்குச் சொல்ல விட்டுப்போயிருக்கும். ஞாபகப்படுத்தவே இந்த மனு.

கவுன்சிலர்களுக்கு மக்களிடம் தகவல் சொல்லத் தெரியாது என்று மனுதாரர்களில் சில இளவட்டங்கள் பேசித் திரிகிறார்கள். அபாண்டம். 2022 பிப்ரவரி 19 தேர்தலுக்கு முந்தைய நாட்களை அவர்கள் மறந்துவிட்டார்கள். பெயர், பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி எந்தப் பள்ளியில் என்பதுவரை அச்சடித்த சீட்டு அப்போது வீடு தேடி வந்தது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கும் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். மாடி வீட்டுப் பையனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது; வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினால் சனிக்கிழமை காலை ஓட்டுப் போட்டுவிடலாம் என்று பெற்ற தாய்க்கே ஞாபகப்படுத்தியவர்கள் அவர்கள். எந்தத் தபால் துறைக்கும் வாய்க்காத வலைப்பின்னல் இது. 22ஆம் தேதி வாக்கு எண்ணி முடிந்தது. அன்றோடு மாடிப்படி ஏறுவதும் முடிந்தது.

மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் 1 அன்று சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 1,800 சதுர அடியைத் தாண்டிய வீடுகளுக்கு உயர்வு 150 சதவீதம். 15ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை என்று அரசு காரணம் சொன்னது. காரணம் சரியோ தவறோ, அதை வார்டுக்குள் வந்து எடுத்துச் சொல்லியிருக்கலாம். தமக்கு எவ்வளவு கூடும், அரையாண்டின் தொடக்கத்திலேயே கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டா என்று வார்டுவாசிகள் டீக்கடையில் ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்தது. பொன்னாடைகளை மடித்து வைக்கவே நேரம் போதாதிருந்திருக்கும்.

வார்டில் தகவலுக்குப் பஞ்சம் என்று மனுதாரர்கள் சொல்லவே மாட்டார்கள். தலைவரின் பிறந்தநாள், தலைவரின் மகன் பிறந்தநாள், 'மாவட்டம்' அவர்களின் திருமண நாள், வட்டச் செயலாளர் வீட்டுக் காதுகுத்து, கிளைப் பிரதிநிதியின் தந்தையாருக்கு மூன்றாமாண்டு நினைவஞ்சலி எல்லாம் நாள் பிசகாமல் தெரியவருகின்றன. பேனரின் கீழ்வரிசையில் ஸ்டாம்ப் அளவில் இருபது முப்பது முகங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவர் ஒருவர், கைகூப்பியவர் ஒருவர், செல்போனைக் காதில் வைத்து முகத்தைச் சுளித்தபடி எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர். அவர் கேட்டுக்கொண்டிருப்பது ஏதோ ஒரு தெருவின் சாக்கடை அடைப்புப் புகாராக இருக்கும் என்று நம்ப மனுதாரர்களுக்கு ஆசை.

குழாய் இணைப்பு வேலைக்காக இரண்டு நாள் தண்ணீர் வராது என்ற சேதிக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் தாள். மைதாப் பசை தடவி மின்மாற்றிக் கம்பத்தில் ஒட்டியிருப்பார்கள். பசை காய்வதற்குள் அதன்மேல் கண்ணீர் அஞ்சலி ஏறிவிடும். எந்தெந்தத் தெரு என்று எழுதியிருந்த பகுதி அமரரின் தோளுக்குக் கீழே போய்விடும்.

பேனர் விஷயத்தில் சிரிப்பு ஓரிடத்தோடு நின்றுவிடுகிறது. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த 23 வயது மென்பொருள் பொறியாளர்மீது சாலைத் தடுப்பில் கட்டியிருந்த பேனர் சரிந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி அவர் இறந்துபோனார். முன்னாள் கவுன்சிலர் ஒருவருடைய மகனின் கல்யாணத்துக்காக அனுமதி இல்லாமல் வைத்த பேனர் அது. ஆகவே மனுதாரர்கள் சாலையில் இன்னொரு பேனர் கேட்கவில்லை. அதைக் கட்டுகிற சுறுசுறுப்பில் கொஞ்சம் கேட்கிறார்கள். சுவரோடு ஆணியடித்த ஒரு பலகை போதும்.

கவுன்சிலரே இல்லாமலும் சென்னை இருந்திருக்கிறது. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபின், 2022 மார்ச் வரை தனி அலுவலர் ஆட்சி. ஐந்து ஆண்டுக்கு மேல் வார்டுக்குக் குரல் இல்லை என்று கட்சிகள் எல்லாம் வருத்தப்பட்டன, மனுதாரர்களும்தான். அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் வார்டுவாசி யோசிக்காமல் அந்த மின்மாற்றிக் கம்பத்தைக் காட்டுகிறார்.

மின்வாரியத்துக்குக் கவுன்சிலரும் கிடையாது, வாக்காளரும் கிடையாது. ஆனாலும் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை எங்கெங்கே மின்தடை என்று தெருப்பெயரோடு பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிடுகிறது. அதைப் பார்த்து வார்டுவாசி முதல்நாளே மாவு அரைத்து வைக்கிறார், மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்கிறார். மின்வாரியத்தைத் திட்டுவதை அவர் நிறுத்திவிடவில்லை. ஆனால் தயாராக இருந்துகொண்டு திட்டுகிறார்.

பழைய காலத்தில் தண்டோரா இருந்தது. பறையடிப்பவரை ஊர் ஏவலுக்கு நிறுத்திய அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேருமே என்பது அவர் யோசனை. நல்ல யோசனை. ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளும் தெருவுக்குத் தவறாமல் வருகின்றன. ஒன்று வெங்காயம் விற்கிறது, ஒன்று பழைய இரும்பு கேட்கிறது, ஒன்று சோபா ரிப்பேர் செய்கிறது. குப்பை வண்டிகூடப் பல ஊர்களில் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. அந்தப் பாட்டுக்கு நடுவே, 'நாளை குடிநீர் வராது, லாரி இந்த முனையில் நிற்கும்' என்று இரண்டு வரி சேர்க்க எவ்வளவு டீசல் கூடும் என்று பொறியியல் பிரிவு கணக்குப் பார்த்துச் சொன்னால் மனுதாரர்கள் வசூல் செய்து தரத் தயார்.

இது விளையாட்டும் இல்லை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அப்போது 200 வார்டுக்கும் கவுன்சிலர்கள் இருந்தார்கள். அடையாற்றங்கரையில் பலருக்கு, வெள்ளம் வருகிறது என்று வெள்ளமே வந்துதான் சொன்னது.

கவுன்சிலர் சொல்லவும் வார்டுவாசி கேட்கவும் சட்டம் ஓர் இடமும் கட்டிக் கொடுத்திருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பெரிய நகரங்களுக்கு வார்டு குழுக்களைச் சொன்னது. மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்பு நிதி வேண்டுமானால் மக்கள் பங்கேற்புக்குச் சட்டம் வேண்டும் என்று நிபந்தனை வந்தபின், 2010இல் தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் ஏரியா சபாவுக்கும் சட்டம் பிறந்தது. அதற்கான விதிகள் வர 2022 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியில் பம்மல் பகுதியில் நடந்த ஏரியா சபாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே உட்கார்ந்து குறை கேட்டார். வார்டுக்குப் பத்துப் பகுதி என்று சென்னை பிரிக்கப்பட்டது. கணக்குப் போட்டால் 2,000 சபாக்கள்.

கிராம சபைக்கு நாள் குறித்தாகிவிட்டது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராமத்துத் திண்ணையில் இது பலருக்கு மனப்பாடம். சென்னையில் ஏரியா சபா எப்போது கூடும் என்று கேட்டால், மயிலாப்பூர்ப் பக்கத்தில் 'யார் கச்சேரி?' என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

தப்பித் தவறிக் கூட்டம் தெரிந்து போனவர்கள் கண்டது வார்டுக்கு வார்டு கொஞ்சம் மாறலாம், வரிசை மாறாது. சமுதாய நலக்கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் மூன்று வரிசையில் கரைவேட்டிகள். கவுன்சிலருக்கும் உதவிப் பொறியாளருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் பொன்னாடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. கடைசி வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "லைட்டு எரிஞ்சு நாலு மாசம் ஆவுது கண்ணு, ராவுல நாயி மேல காலு வெச்சிட்டேன்" என்கிறார். "எழுதிக் குடுங்கம்மா" என்கிறார் கவுன்சிலர். பேத்தி எழுதித் தருகிறாள். தாள் ஒரு மஞ்சள் பைக்குள் போகிறது. டீயும் சமோசாவும் வருகின்றன. அடுத்த கூட்டத்திலும் மஞ்சள் பை வருகிறது, ஆனால் காலியாக. போன முறை வந்த மனுக்கள் என்ன ஆயின என்று கேட்பவருக்கும் அதே பதில்தான்: "எழுதிக் குடுங்க."

மாமன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு. 2022இல் 28 வயதில் ஆர். பிரியா மேயரானார், இந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண். இதில் மனுதாரர்களுக்கு மனதாரப் பெருமை உண்டு. ஆனால் சில வார்டுகளில் கவுன்சிலர் எண்ணுக்கு அடித்தால், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க, நான் அவங்க வூட்டுக்காரர்தான், எதுன்னாலும் எங்கிட்டயே சொல்லுங்க" என்று ஓர் ஆண்குரல் வருகிறது. வீட்டுக்காரருக்கு எந்த வார்டில் ஓட்டுப் போட்டோம் என்று வார்டுவாசி வாக்காளர் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

கவுன்சிலரின் பாடும் லேசானது இல்லை என்பதை இவ்விடத்தில் பதிவு செய்வதே நியாயம். 2023 ஜூலை முதல்தான் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். கோப்பு ஆணையரிடம், குடிநீரும் பாதாளச் சாக்கடையும் தனி வாரியத்திடம், மின்சாரம் இன்னொரு நிறுவனத்திடம். தன் தெருவை யார் எதற்காகத் தோண்டுகிறார்கள் என்பது கவுன்சிலருக்கே பொக்லைன் சத்தம் கேட்டுத்தான் தெரிகிறது. அப்படியானால் அதையாவது வெளியே சொல்லலாம். 'எனக்கும் சொல்லவில்லை' என்று பலகையில் எழுதிவைக்கும் கவுன்சிலருக்கு வார்டு மொத்தமும் அடுத்த முறை ஓட்டுப் போடும். அப்படி யாரும் எழுதுவதில்லை என்பதில்தான் மனுதாரர்களுக்குச் சந்தேகம்.

சந்தேகம் இதுதான். பிறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 1913 என்ற எண்ணுக்கு அடித்துப் புகார் கொடுத்துப் பதிவெண் வாங்கிக்கொள்ளலாம். (ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டும் 1913, ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.) இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் காலை எட்டு மணிக்குக் கவுன்சிலர் ஆபீஸ் வாசலில் யார் நிற்பார்கள்? 'அண்ணன்கிட்ட சொல்லி முடிச்சுக்கலாம்' என்ற வாக்கியத்துக்கு என்ன விலை மிஞ்சும்? உரிமை என்று தெரிந்துவிட்டதை உபகாரமாகக் கொடுக்க முடியாது. தகவல் வராமல் இருப்பதும் ஒரு ஏற்பாடுதான். நன்றாகவே நடந்துவருகிற ஏற்பாடு.

மாளிகைக்குப் பெயர் தந்த ரிப்பன் பிரபு வேறு மாதிரி நினைத்தவர். 1882இல் உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தபோது, நிர்வாகம் மேம்படும் என்பதைவிட, மக்களுக்கு அரசியல் பயிற்சி கிடைக்கும் என்பதையே முதன்மையாகச் சொன்னார். வெள்ளைக்கார வைஸ்ராய், அவருக்கு வட்டச் செயலாளர் யாரும் கிடையாது, துணிந்து சொல்லிவிட்டார்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4ஆவது பிரிவில், யாரும் மனுப் போடாமலே அரசு அலுவலகங்கள் தாமாகச் சொல்லவேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. எப்படிச் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது: அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம், அதுவும் உள்ளூர் மொழியில். ஆகவே மனுதாரர்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஏரியா சபாவின் தேதி, நேரம், இடம் இரண்டு வாரம் முன்பே பலகையில் வேண்டும். அதன் பக்கத்தில், போன சபாவில் வந்த மனுக்களும் அவற்றின் கதியும். 'முடியாது' என்றாலும் பரவாயில்லை, காரணத்தோடு. வார்டில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார், முடியும் நாள் எது என்பதும் வேண்டும். பலகையின் கீழ்வரிசையில் முப்பது முகங்களும் இருக்கட்டும். செல்போனைக் காதில் வைத்திருப்பவருக்கு நடு இடம் கொடுத்து, அவர் எண்ணையும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மனுதாரர்கள்.

நகல் 1: உதவிப் பொறியாளருக்கு, தகவலுக்காக. பாட்டியின் தெருவிளக்குக் கம்பத்தில் எண் அழிந்துவிட்டது. எதிரே இஸ்திரி வண்டி நிற்கும்.

நகல் 2: வார்டின் ஃப்ளெக்ஸ் கடைக்கு. நாலடிக்கு மூன்றடி, எழுத்து பெரிதாக. பாக்கி யார் கணக்கு என்பது ஏரியா சபாவில் முடிவாகும். தேதி தெரிந்தால் தெரிவிக்கவும்.