துணைக்கால்

மன்னார்குடிப் பக்கம் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பிள்ளை சிங்கப்பூரில், இவர் ஓய்வுபெற்றவர். கார்த்திகை பிறந்தால் கிளம்பி மாசியில் திரும்புவார். பெட்டியில் கோடாலித் தைலம், மைலோ டப்பா. வாயில் கொஞ்சம் அலட்டல். எங்கள் தெருப் பெரியப்பா இந்தத் தடவை கழுத்தில் பைனாகுலரோடு வந்து இறங்கினார்.

விஷயம் இதுதான். மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விட்டால் பன்னிரண்டாம் மாடியில் அவருக்கு வேலையே இல்லை. பாவம் பார்த்துப் பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போனாள். அலையாத்திக் காடு, குளங்கள், ஒளிந்து பார்க்க மரத்தில் ஒரு மறைவிடம். உள்ளே பத்துப் பேர் பீரங்கி மாதிரி கேமராவை நீட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார்கள். எதிரே ஒரு சாம்பல் நாரை, இரண்டு சின்னக் கொக்கு.

“அட, நம்ம வாய்க்கால்ல நிக்கிறதுதானே!” என்றார் பெரியப்பா.

பத்துப் பேரும் திரும்பி, “உஷ்!” என்றார்கள்.

சிறுவயதில் கொக்கு என்றால் அவருக்கு உண்டிவில்லும் குழம்பும்தான். பெரியவரானதும் நாற்றங்காலில் இறங்கும் கொக்கை “ச்சூ” என்று விரட்டியே பழக்கம். ஒரு கொக்குக்காக அவரை யாரும் வாயை மூடச் சொன்னதில்லை. அந்த ‘உஷ்’ஷில் ஆள் விழுந்துவிட்டார்.

“சுங்கை பூலோவை 1993-லயே திறந்துட்டான்டா. 2002-ல இயற்கைக் காப்பகம்னு அறிவிச்சுட்டான். நம்ம ஊர்ல என்ன இருக்கு?” என்றார் திண்ணையில்.

“கோடியக்கரை 1967-லயே சரணாலயம், பெரியப்பா. அதே 2002-ல உலக ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல சேர்ந்தாச்சு. வடுவூர் ஏரி 1999-ல சரணாலயம், 2022-ல அதுவும் ராம்சர்.”

“எது, நம்ம வடுவூரா?”

முப்பது வருஷம் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போய் வேலை பார்த்தவர். வடுவூர் என்றால் அவருக்கு, அரைத்தூக்கத்தில் கேட்கும் கண்டக்டர் குரல்.

மறுநாள் காலையில் ஏரிக்கரையில் நின்றோம். தொப்பி, பத்துப் பை வைத்த சட்டை, கையில் பறவைப் புத்தகம். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நாமக்கோழி என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். கரையோரம் சேறோடு சேறாக, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பழுப்பாக ஒன்று. புத்தகத்தைப் புரட்டுவதற்குள் எழும்பிவிட்டது. எழும்பியதும் சிறகெல்லாம் வெள்ளை வெளேர்!

“உக்காந்தா ஒரு பறவை, பறந்தா வேற பறவை! அபூர்வ இனம்டா இது!”

ஆடு ஓட்டி வந்த ஓர் அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மடையான்” என்றார்.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “யாரைச் சொல்றே?”

“பறவையைத்தாங்கய்யா. மடையில நிக்கும்ல, அதான் மடையான்.”

மடையனுக்கும் மடையானுக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அந்த அம்மாள் அந்தக் காலைப் போட்டாரா இல்லையா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

ஒன்று மட்டும் நிச்சயம். வலசைப் பறவைகள் வடுவூருக்கு வந்து இறங்குகிற கார்த்திகையில்தான் நம் பெரியப்பாக்கள் விமானம் ஏறுகிறார்கள். ஒரு வருஷம் அந்த டிக்கெட்டைச் சித்திரைக்குத் தள்ளிப்போடுங்கள் ஐயா. மன்னார்குடி பஸ்ஸில் வடுவூர் வந்ததும் தூங்காமல் இருந்தால் போதும்.