போகிறவருக்குப் பொற்கிழி

ஜெயிக்கிற பேஸ்பால் பயிற்சியாளரைக் கையை விட்டுப் போகாமல் வைத்துக்கொள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒரு சடங்கு வைத்திருக்கின்றன. அணி நாலு ஆட்டம் கூடுதலாக ஜெயிக்க வேண்டியதுதான், எங்கிருந்தோ ஒரு காற்று வீசும்: இன்ன ஊர்க்காரர்கள் நம் ஆள்மேல் கண் வைத்திருக்கிறார்களாம். காற்று கிளம்பிய இடம் அவருடைய ஏஜென்ட்டின் கைபேசி என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் பதறுவார். நன்கொடைப் பிரபுக்கள் காசோலைப் புத்தகத்தைத் தேடுவார்கள். பழைய ஒப்பந்தத்தில் இன்னும் நாலு வருஷம் மிச்சம் கிடக்கும். கிடந்தால் என்ன, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஏழு வருஷத்துக்கு எழுதுவார்கள். சம்பளம் ஏறும், உதவியாளர் சம்பளம் ஏறும், பயிற்சிக் கூடத்துக்குப் புதுக் கூரை வரும். பிறகு ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்பார்கள். அடுத்த ஜூனில் காற்று மறுபடியும் வீசும்.

இந்தச் சடங்கின் மிகச் சிறந்த அரங்கேற்றம் 2024 ஜூன் 24 இரவு, நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் நடந்தது. கல்லூரி பேஸ்பாலின் கடைசிக் கட்டமான காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் வருஷாவருஷம் அந்த ஊரில்தான். இறுதிச் சுற்றில் மூன்று ஆட்டம், இரண்டை வென்றால் கோப்பை. பேஸ்பாலில் ஒரு தடவைகூடத் தேசியப் பட்டம் வாங்கியிராத டெக்சாஸ் ஏ அண்ட் எம், முதல் ஆட்டத்தில் டென்னசியை 9-5 என்று சாய்த்தது. இரண்டாவதில் 4-1 என்று தோற்றது. மூன்றாவதில் 6-5. ஒரு ரன்னில் போயிற்று.

பையன்கள் முகம் கழுவிக்கூட முடித்திருக்க மாட்டார்கள். பேட்டி அறையில் ஒரு நிருபர் கேட்கவேண்டியதைக் கேட்டார். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் டேவிட் பியர்ஸை அன்றுதான் அனுப்பியிருந்தது. அந்த நாற்காலிக்கு ஏ அண்ட் எம் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகிலின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்தது. ஷ்லாஸ்நேகிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படிக் கேட்பதே சுயநலம் என்றார். இனிமேல் வேறு வேலைக்கே போகக்கூடாது என்றுதான் இந்த வேலையை ஏற்றேன், அதில் மாற்றமில்லை என்றார். என் ஆத்மாவின் ஒவ்வொரு துளியையும் இந்த வேலையில் ஊற்றியிருக்கிறேன், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

எழுதிக்கொண்டார்கள். மை காய்வதற்குள், மறுநாளே, டெக்சாஸ் பல்கலைக்கழகம் அவரைத் தன் பயிற்சியாளராக அறிவித்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆத்மாவைத்தான் ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷனில் முழுக்க ஊற்றிவிட்டாரே. ஆஸ்டினுக்குப் போனது வெறும் உடம்பு. அதற்குத்தான் ஏழு வருஷ ஒப்பந்தம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் நூறு மைல் இடைவெளியில் உட்கார்ந்து நூறு வருஷத்துக்கு மேலாக முறைத்துக்கொண்டிருப்பவை. ஆஸ்டின்காரர்களின் சின்னம் நீளக்கொம்புக் காளை. அந்தக் கொம்பை அறுப்பதைப் பற்றி ஏ அண்ட் எம் மாணவர்கள் தோளில் தோள் கோத்து ஆடிக்கொண்டே பாடுவார்கள். போதாக்குறைக்கு, ஒரே வாரத்தில், ஜூலை 1 அன்று, டெக்சாஸ், ஏ அண்ட் எம் ஆடும் தென்கிழக்குக் கூட்டமைப்பிலேயே வந்து சேர்ந்தது. ஆஸ்டினில் விளையாட்டுத் துறை இயக்குநர் கிறிஸ் டெல் கான்ட்டே. ஷ்லாஸ்நேகில் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவருக்கு மேலதிகாரி. பழைய சிநேகம். ஆத்மா இல்லாத உடம்பை அடையாளம் கண்டுபிடிக்க அவருக்குச் சிரமமே இருந்திருக்காது.

ஒப்பந்தம் இருந்ததே, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. பயிற்சியாளரின் ஒப்பந்தம் அவர் போவதற்கு என்ன விலை என்று சொல்லும் பத்திரம். விடுவிப்புத் தொகை என்று ஒரு பிரிவு அதில் இருக்கும். அந்தப் பணத்தைக் கட்டுபவர் கூட்டிக்கொண்டு போகலாம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து ரகசியமாகப் பேசுகிற விலையை, இங்கே வக்கீல் வைத்துத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு: சந்தையில் விற்ற மாட்டுக்குச் சம்பள உயர்வு கிடைப்பதில்லை.

ஏ அண்ட் எம்முக்காக அழ உட்கார்ந்தால் கண்ணீர் பாதியில் நின்றுவிடுகிறது. அன்று கைவிடப்பட்டு நின்ற விளையாட்டுத் துறை இயக்குநர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ். அவர் அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார்? அதே 2024 மார்ச்சில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைக் கைவிட்டுத்தான் வந்தார். அது அவர் படித்த இடம், அமெரிக்கக் கால்பந்து ஆடிப் பேர் வாங்கிய இடம், சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்திருந்த இடம். நெப்ராஸ்காவுக்கு ஏ அண்ட் எம் மார்ச்சில் செய்ததை ஏ அண்ட் எம்முக்கு ஆஸ்டின் ஜூனில் செய்தது, அதுவும் நெப்ராஸ்கா மண்ணிலேயே. கதை எழுதுகிறவன் இப்படி எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர், 'கொஞ்சம் ஓவராக இருக்கிறது' என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

ஏ அண்ட் எம்மின் இதே விளையாட்டுத் துறைதான் அந்த ஜூனுக்கு ஏழு மாதம் முன்பு, 2023 நவம்பரில், தன் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியது. அவரை யாரும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்று 2021-இல் 2031 வரை ஒப்பந்தத்தை நீட்டிவைத்திருந்தார்கள். யாரும் கொத்தவில்லை, தோல்விதான் வந்தது. அதனால் வேலை பார்க்காமல் இருப்பதற்கு அவருக்கு 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்கவேண்டியதாயிற்று, 2031 வரை தவணையில். அவர் வேறு எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் ஒரு டாலர் குறையாது. அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஜெயிக்கிறவர் கேட்டால் போக விடுவதற்கு ஒரு பத்திரம், தோற்கிறவர் போக மறுத்தால் போகச் சொல்வதற்கு ஒரு பொற்கிழி. இரண்டையும் எழுதுவது ஒரே மேஜை. பணம் பொதுப்பணம் இல்லை என்று நிர்வாகம் சத்தியம் செய்தது: விளையாட்டுத் துறையும் பன்னிரண்டாம் ஆள் அறக்கட்டளையும் கொடுக்கும் என்றது.

யார் அந்தப் பன்னிரண்டாம் ஆள்? 1922 ஜனவரி 2, டல்லாஸ். சென்டர் கல்லூரிக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் ஏ அண்ட் எம் வீரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியேற, பார்வையாளர் பக்கம் இருந்த இ. கிங் கில் என்ற மாணவனைப் பயிற்சியாளர் கீழே கூப்பிட்டார். அவன் வந்து, அடிபட்டவனின் உடுப்பை மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை ஓரத்தில் தயாராக நின்றான். களத்தில் இறங்கும் தேவையே வரவில்லை. நின்றான், அவ்வளவுதான். அதற்காக அவனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் மாணவர்கள் கால்பந்து ஆட்டம் முழுவதையும் நின்றுகொண்டே பார்க்கிறார்கள், கூப்பிட்டால் இறங்கத் தயார் என்று. சம்பளமில்லாமல் நின்றவனின் பெயரில் அறக்கட்டளை. அந்த அறக்கட்டளையின் பணம், ஆட்டத்தை விட்டே அனுப்பப்பட்டவருக்கு.

விசுவாசம் என்ற சரக்கை அந்த ஊரில் விளைவிப்பது யார், விற்பது யார் என்று இப்போது தெரிந்திருக்கும். விளைவிக்கிறவர்களின் பத்திரத்தையும் ஒரு நடை பார்த்துவிடலாம்.

பள்ளியை முடிக்கப்போகிற பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்குப் பயிற்சியாளர் வருவார். அம்மா செய்த கேக்கைச் சாப்பிடுவார். உன் மகனை என் மகன்போலப் பார்த்துக்கொள்வேன் என்பார். பையன் தேசிய உறுதிக் கடிதம் என்ற தாளில் கையெழுத்துப் போடுவான். 1964-இல் தொடங்கி 2024 அக்டோபரில் கைவிடப்படும்வரை, நீ பல்கலைக்கழகத்தோடு கையெழுத்திடுகிறாய், எந்தப் பயிற்சியாளரோடும் அல்ல என்ற எச்சரிக்கையோடு வந்த தாள் அது. சாப்பிட்டுவிட்டுப் போன மனிதர் மறுமாதமே வேறு ஊருக்கு ஓடினாலும் நீ ஓடக்கூடாது, ஓடினால் தண்டனை. ஏற்கனவே அணியில் இருப்பவன் வேறு முதல்நிலைக் கல்லூரிக்கு மாறினால், 2021 வரை ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. பயிற்சியாளர் மாறினால்? மறுநாள் காலையில் புதுத் தொப்பி.

உதவித்தொகைக் கணக்கு இன்னும் அழகு. பேஸ்பால் அணி ஒன்றுக்கு 11.7 உதவித்தொகைதான் கொடுக்கலாம் என்று கல்லூரி விளையாட்டுகளை ஆளும் சங்கமான என்.சி.ஏ.ஏ. பல வருஷம் வைத்திருந்தது. அணியில் 35 பேர். இருக்கும் 11.7-ஐ அதிகபட்சம் 27 பேருக்குக் கூறு போட வேண்டியிருந்தது. மிச்சப் பேர் சொந்தச் செலவில் ஆடலாம், ஆட்சேபணை இல்லை. அந்த .7 யாருடைய முழங்கால் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். மூன்றாவது உதவிப் பயிற்சியாளருக்கோ சம்பளமே கொடுக்கக் கூடாது என்று இருந்தது. 2023 வரை அவருக்குப் பெயரே 'தொண்டர்'. சங்கத்தின் மேல் வழக்குப் போட்டுத்தான் அவர்களுக்கு 4.9 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் வருஷத்துக்கு 20 லட்சம், 30 லட்சம் டாலர் வாங்கும்போது அதே மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டவர் தொண்டர். தலைமைப் பயிற்சியாளரை ஏன் யாரும் தொண்டர் என்று அழைப்பதில்லை? விசுவாசத்தைப் பற்றி அவர்தானே அதிகம் பேசுகிறார்.

பிறகு நீதிமன்றங்கள் ஒவ்வொரு பூட்டாக உடைத்தன. மாணவர்களும் நினைத்த இடத்துக்கு மாறலாம் என்று ஆயிற்று. உடனே எழுந்தது பாருங்கள் ஒரு ஒப்பாரி! பயிற்சியாளர்கள் எல்லாரும், இந்தத் தலைமுறைக்கு விசுவாசமே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். ஷ்லாஸ்நேகில் போன கையோடு ஏ அண்ட் எம் பையன்கள் சிலர் மாறுவோர் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள்; உதவிப் பயிற்சியாளர் மைக்கேல் எர்லியைத் தலைமைக்கு உயர்த்தியதும் பல பேர் திரும்பி வந்தார்கள். இடதுகை பிட்சர் ரயன் பிரேகரைத் தொழில்முறை அணிகளின் ஆள்தேர்வில் ஏஞ்சல்ஸ் அணி மூன்றாவது சுற்றில் எடுத்தும், அவர் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இன்னொரு வருஷம் ஆட வந்தார். விசுவாசமற்ற தலைமுறையாம்.

அடுத்த வருஷம் எப்படிப் போயிற்று என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 தொடங்குமுன் கணிப்புகளில் முதலிடம் வாங்கிய ஏ அண்ட் எம், தேசியப் போட்டிக்கே தேறவில்லை. ஆஸ்டின் தன் கூட்டமைப்பில் முதலாவதாக வந்து, சொந்த மைதானத்திலேயே சான் அன்டோனியோ அணியிடம் உதைவாங்கி ஒமாஹாவுக்குப் போகாமலே முடித்தது. ஆத்மாவையும் உடம்பையும் பிரித்தால் இதுதான் சங்கடம். 2024-இல் ஒமாஹாவில் கோப்பையைத் தூக்கிய டென்னசியின் டோனி விட்டெல்லோவோ, கல்லூரி பேஸ்பாலிலேயே மிகப் பெரிய சம்பளம் கொடுத்துக் கட்டிவைக்கப்பட்டவர். 2025 அக்டோபரில் தொழில்முறை அணியான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் வந்து கேட்டது, போனார். விடுவிப்புத் தொகை பல்கலைக்கழகத்துக்கு. அவரை நம்பி வந்த பையன்களுக்கு ஒரு செய்தி அறிக்கை.

அதே 2025-இல் வழக்குச் சமரசம் ஒன்றின்படி உதவித்தொகை வரம்பு நீங்கியது. கூடவே, அதை ஏற்ற பல்கலைக்கழகங்களில், இடையில் 40 பேர் வரை ஏறியிருந்த அணிக்கு 34 பேர்தான் என்று புது வரம்பும் வந்தது. சொந்தச் செலவில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த பையன்களில் பலருக்கு இனி இடமில்லை. பன்னிரண்டாம் ஆள்களையெல்லாம் எண்ணி, வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவர்களுக்கு விடுவிப்புத் தொகை எவ்வளவு என்று எந்த நிருபரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது சுயநலமான கேள்வியாகியிருக்கும்.

எனவே இயக்குநர் பெருமக்களுக்கு ஒரு யோசனை, ஆலோசனைக் கட்டணம் வேண்டாம். ஜெயிக்கிற பயிற்சியாளரை உண்மையிலேயே பிடித்துவைக்க வேண்டுமா? புதிதாக எதையும் எழுத வேண்டாம். பழைய அலமாரியைத் திறந்து, மாணவனுக்குக் கொடுத்த தாளை எடுத்து, பெயரை மட்டும் அடித்துத் திருத்துங்கள். சம்பளத்தில் கால் பங்கு தரப்படும், மீதியை அப்பா அம்மா கடன் வாங்கிப் பார்த்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. புதுப்பிப்பது எங்கள் இஷ்டம். நீங்கள் பல்கலைக்கழகத்தோடு கையெழுத்திடுகிறீர்கள், எந்த இயக்குநரோடும் அல்ல. வேறு இடம் போனால் ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார வேண்டும், தொப்பி போடக்கூடாது. ஏஜென்ட் வைத்துப் பேரம் பேசியது தெரிந்தால் தகுதி போய்விடும். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருக்கிறது.